மணலுக்குப் போகாத டயர்

சோஹார்
6 அக்டோபர் 2024

அன்புள்ள சுபி,

போன் எடுக்க மாட்டேன், எழுதினால் படிப்பேன் என்று உன் அக்காவிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாய். சரி, எழுதுகிறேன். தமிழில் நான் வாங்கிய மார்க்கு உனக்குத் தெரியும், பிழை இருந்தால் பொறுத்துக்கொள். மெயிலில் மனுஷன் குரலை உயர்த்த முடியாது என்பதுதான் உன் யோசனை என்றால், அதிலும் நீதான் கெட்டிக்காரி.

டிசம்பரில் எனக்கு மூன்று வாரம் லீவு. பிக்கப்பின் பின்னால் காரவானை மாட்டிக்கொண்டு பஹ்ரைனுக்கு வந்து, விஜியை இங்கே கூட்டி வரலாம் என்று இருக்கிறேன். அல் ஐன் வழியாக அபுதாபி, அங்கிருந்து சவூதி பார்டர், அப்புறம் கடல் பாலம். பிளைட்டில் அவளை இன்னொரு முறை ஏற்ற முடியாது என்பது என்னைவிட உனக்குத் தெரியும். ரோடுதான் வழி. வழியில் எங்காவது தங்க வேண்டும், ஹோட்டல் அறையில் அவள் கண் மூட மாட்டாள். பதினொரு வயதாகிறது பிள்ளைக்கு. டாக்டர்கள் ஆட்டிசம் என்று ஒரு பெயர் வைத்தார்கள், நாம் வைத்த பெயர் விஜி. வெளியூரில் அவள் நிம்மதியாக உறங்கிய ஒரே இடம் அந்தக் காரவானின் கீழ்ப் படுக்கைதான்.

காரவானை நீ இப்போது பார்த்தால் அடையாளம் தெரியாது. ரோட்டுத் தடுப்பில் உரசிக் கிழிந்த பக்கத்துக்குப் புதுத் தகடு போட்டுவிட்டேன். உள்ளே எதிலும் கை வைக்கவில்லை. அவள் தலைமாட்டில் ஒட்டிய மீன் ஸ்டிக்கர்கூட அப்படியே இருக்கிறது.

பிக்கப்பின் நான்கு டயரையும் மாற்ற வேண்டும். பழையது வெடித்தபோது அவசரத்துக்கு வாங்கிப் போட்டவை இவை, இவற்றை நம்பி பஹ்ரைன் வரை இழுக்க முடியாது. எந்த டயர் போடுவது என்று உன்னைக் கேட்டுவிட்டுத்தான் போடுவேன். எனக்கு டயரைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்காதே. அது வெடித்தபோது என் பக்கத்து சீட்டில் இருந்தவள் நீ.

நீயும் கூட வா என்று கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்பாய். பிள்ளையை மட்டும் கேட்கிறேன்.

டெனிஷ்


குதைபியா, மனாமா
11 அக்டோபர் 2024

விஜி அப்பாவுக்கு,

மெயில் வந்தது. விஜி நன்றாக இருக்கிறாள் என்று எழுதத்தான் ஆசை. சாப்பிடுகிறாள். பயிற்சி சென்டருக்குப் போகிறாள். உறக்கம்தான் இல்லை. மேல்வீட்டில் நாற்காலி இழுத்தால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறாள், பிறகு விடியும்வரை சுவரைத் தடவிக்கொண்டே நடக்கிறாள். நான் வார்டில் ஒரு டூட்டி முடித்து வந்து வீட்டில் இன்னொரு டூட்டி பார்க்கிறேன். என் முகத்தைப் பார்த்து ஆபிதா, எங்கள் வார்டு நர்ஸ், பக்கத்து வீட்டில்தான் இருக்கிறாள், வாரம் இரண்டு முறை சோறு பொங்கிக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறாள்.

வெடித்த டயரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அதை ஒரு முறை பேசி முடித்துவிடலாம். பிதியா பாலைவனத்தில் மணல் முடிந்து தார் ரோடு ஏறிய இடத்தில், மணலுக்காக டயரில் இறக்கிய காற்றைத் திரும்ப அடைக்க நின்றோம். கம்ப்ரஸர் சத்தம் கேட்டதும் விஜி ஜன்னல் கண்ணாடியில் தலையை மோத ஆரம்பித்தாள். முன் டயர் இரண்டை அடைத்ததோடு நிறுத்தினோம். "பங்க் வரைக்கும் மெள்ளப் போவோம்" என்றீர்கள். "போட்டும், எடுங்க" என்றேன். பங்க் வருவதற்குள் பின் டயர் வெடித்தது. இரண்டு பேரும் சேர்ந்து செய்தது. என் அண்ணன்மார் உங்களைக் கேட்டார்கள், நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அன்று முறிந்த என் தோள் எலும்பும் கூடிவிட்டது.

நான் கேட்பது வேறு. விஜி அதுவரை பேசிக்கொண்டிருந்த ஏழெட்டு வார்த்தைகளும் அந்த வெடியோடு போயின. அவளைத் தூக்கிக்கொண்டு நான் இங்கே வந்து நாயாய் அலைந்துகொண்டிருந்தேன். போன டிசம்பரில் நீங்கள் அதே காரவானை இழுத்துக்கொண்டு, அதே பிதியாவுக்கு, ப்ளாண்ட் கூட்டாளிகளோடு போனீர்கள். மணல் மேட்டில் நின்று சிரிக்கிற படம் எனக்கு மூன்று பேர் வழியாக வந்து சேர்ந்தது. அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் நான் போன் எடுப்பதை நிறுத்தினேன்.

பிள்ளையை உங்களோடு அனுப்புவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. என்ன டயர் போடப் போகிறீர்கள், ஏன் அது, என்று எழுதுங்கள். படித்துவிட்டுச் சொல்கிறேன்.

சுபிஷா


சோஹார்
18 அக்டோபர் 2024

அன்புள்ள சுபி,

படத்தைப் பற்றி இப்போது ஒன்றும் எழுதப் போவதில்லை. எழுதினால், நான் ப்ளாண்டை நிறுத்திப் பழுதுபார்க்கும் ஷட்டவுன் டூட்டியில் மூன்று வாரம் வீட்டுக்கே வராமல் கிடந்தபோது, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பிள்ளைக்கு மருந்து கொடுத்து பிளைட்டில் ஏற்றியது யார் என்று நானும் எழுத வேண்டி வரும். அந்தப் பிளைட்டில் அவள் அலறிய அலறலை எனக்குச் சொன்னதும் மூன்றாவது ஆள்தான். போகட்டும். டயரைப் பேசுவோம்.

நம் ரவுண்டானா பக்கம் இருக்கிற கடைக்குப் போனேன். கடைக்காரர் பெஷாவர்க்காரர், கான் பாய் என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். நான் சைஸ் சொல்வதற்கு முன்பே, "பாய், ரேத் யா ரோட்?" என்று கேட்டார். மணலுக்கா, ரோட்டுக்கா. இந்த நாட்டில் பிக்கப்புக்கு டயர் வாங்கப் போனால் விலைக்கு முன்னால் அதைத்தான் கேட்பார்கள். இரண்டுக்கும் என்றேன். அவர் பையனைக் கூப்பிட்டு எனக்குச் சாயா சொன்னார். இரண்டுக்கும் என்று சொல்கிறவன் சீக்கிரம் போக மாட்டான் என்று அவருக்கு அனுபவம் போல.

மூன்று ஜாதி காட்டினார். முதலாவது, கட்டை கட்டையாகப் பல் வைத்த டயர். இளவட்டங்கள் பந்தாவுக்குப் போடுவது. ரோட்டில் அது போடுகிற இரைச்சலை விஜி ஒரு நிமிஷம் தாங்க மாட்டாள். வேண்டாம் என்றேன்.

அடுத்தது பத்து ப்ளை என்கிற கனத்த டயர். சின்ன லாரிகளுக்குப் போடுகிற இனம். பக்கச்சுவர் பலகை மாதிரி கெட்டி. காரவானின் மூக்கு பிக்கப்பின் பின்பக்கம் அழுத்தினாலும் பிதுங்காது. பெரிய டிரெய்லர் பக்கத்தில் கடந்து போகும்போது காரவான் வாலாட்டும் அல்லவா, நீ கதவுக் கைப்பிடியை இறுகப் பிடிப்பாயே, அந்த ஆட்டம் பிக்கப்புக்கு ஏறாது. ஆனால் மணலுக்கு இது லாயக்கில்லை. காற்றை எவ்வளவு இறக்கினாலும் பரந்து கொடுக்காது. போன வேகத்தில் புதைந்துவிடும்.

மூன்றாவது நடுவாந்தரம். பக்கச்சுவர் கொஞ்சம் மெத்து. ரோட்டிலும் ஓடும், காற்றை இறக்கினால் மணலிலும் மிதக்கும். பாரம் தாங்குகிற அளவு நம் காரவானுக்குச் சரியாக இருக்கிறது. மிச்சம் அதிகம் இல்லை, ஆனால் இருக்கிறது. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. தயாரித்த தேதியும் பார்த்துவிட்டேன், இந்த வருஷத்துச் சரக்கு. வெயிலில் வருஷக்கணக்காகக் கிடந்ததைப் பாலிஷ் போட்டு நீட்டுகிற ஆள் இல்லை கான் பாய்.

நீ சரி என்றால் வியாழக்கிழமை மாட்டிவிடுவேன்.

டெனிஷ்


குதைபியா
20 அக்டோபர் 2024

விஜி அப்பாவுக்கு,

இரண்டு முறை படித்தேன். சோஹாரிலிருந்து மனாமா வரை எங்கே இருக்கிறது மணலில் ஓட்ட வேண்டிய இடம்? போகும்போதும் ரோடு, வரும்போதும் ரோடு. நடுவில் எதற்கு மணலில் மிதக்கிற டயர்?

பிள்ளையைக் கூட்டிப்போய் மூன்று வாரம் என்ன செய்யப் போகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை, நீங்களும் எழுதவில்லை. டயர் எழுதிவிட்டது. காற்றை இறக்குகிற டயர் என்றால் திரும்ப அடைக்கிற கம்ப்ரஸரும் உண்டு. கம்ப்ரஸர் உண்டு என்றால் விஜியின் தலையும் கண்ணாடியும் உண்டு.

எங்கள் வார்டில், இரண்டு நோய்க்கும் கேட்கும் என்று ஒரு மருந்தை யாராவது சொன்னால் டாக்டர் அதை எழுத மாட்டார்.

பிள்ளையை அனுப்ப மாட்டேன். இனி டயரைப் பற்றி எழுத வேண்டாம்.

சுபிஷா


சோஹார்
21 அக்டோபர் 2024

சுபி,

எழுத வேண்டாம் என்றாய். இது கடைசி.

ஆமாம், பிதியாவுக்குத்தான் அவளைக் கூட்டிப் போக நினைத்தேன். ஏன் என்று உனக்குத் தெரியாதது மாதிரி எழுதுகிறாய். விஜிக்கு ஏழு வயதில் நாம் முதல் முறை அங்கே போனோமே. அதுவரை அவள் யார் கையையும் தானாகப் பிடித்ததில்லை. நாம்தான் பிடிப்போம், அவள் உருவிக்கொள்வாள். அன்றைக்கு அந்த மேட்டில் ஏறும்போது மணல் சரிந்தது. அவள் என் சுண்டுவிரலைப் பிடித்தாள். இறங்கிக் காரவானுக்கு வரும்வரை விடவில்லை. நான் உன்னைத் திரும்பிப் பார்த்தேன், நீ வாயைப் பொத்திக்கொண்டு நின்றாய்.

போன டிசம்பரில் நான் அங்கே போனது கூட்டாளிகளோடு கும்மாளம் போட இல்லை. வீட்டில் நீ இல்லை, அவள் இல்லை, அந்த மேடாவது இருக்கிறதா என்று பார்க்கப் போனேன். மேடு இடம் மாறியிருந்தது, காற்று எங்கேயோ தள்ளிக்கொண்டு போய்விட்டது. எவனோ மொபைலை நீட்டி "டெனிஷ் பாய், சிரி" என்றான். சிரித்தேன். அழுதுகொண்டு நிற்கிற படம் வந்திருந்தால் உனக்கு ஆறுதலாக இருந்திருக்குமா?

நீ கெட்டிக்காரி. டயரைப் படித்தே ஆளைப் படித்துவிட்டாய். டயர் வாங்கவில்லை. வரவும் இல்லை. கலாஸ், முடிந்தது.

டெனிஷ்


குதைபியா
15 நவம்பர் 2024

விஜி அப்பாவுக்கு,

உங்கள் மெயிலுக்குப் பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். சுண்டுவிரலைப் பற்றி எழுதியதை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். ஆனாலும் எழுதாமல்தான் இருந்தேன். இப்போது எழுதுவது விஜிக்காக.

போன வாரம் ஒரு நாள் காலையில் அவளைப் படுக்கையில் காணவில்லை. வாசல் கதவு பூட்டியபடியே இருந்தது, ஆனாலும் பயத்தில் புத்தி வேலை செய்யவில்லை. நானும் ஆபிதாவும் மாடிப்படி, லிஃப்ட், மொட்டை மாடி என்று ஓடினோம். கீழே கடைக்காரர்கள் எல்லாம் ரோட்டில் இறங்கித் தேடினார்கள். கடைசியில் துணி அலமாரிக்குள் கிடந்தாள். கீழ்த்தட்டில் இருந்த போர்வைகளை எல்லாம் இழுத்து வெளியே போட்டுவிட்டு, உள்ளே போய், கதவை உள்ளிருந்தே சாத்திக்கொண்டு அப்படியோர் உறக்கம். எத்தனை மாதம் கழித்து அவள் வாய் திறந்து உறங்கிப் பார்க்கிறேன். எழுப்ப மனசு வரவில்லை. நான் தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

ஆபிதா கீழக்கரைக்காரி, மனசில் பட்டதைச் சொல்லிவிடுவாள். "நீ அழுதது போதும் சுபி. புள்ள எதையோ தேடுது. அது என்னான்னு மொதல்ல பாரு" என்றாள். பார்த்தேன். உறக்கத்தில் அவள் ஒரு கை மேல்தட்டுப் பலகையைத் தொட்டுக்கொண்டிருந்தது. காரவானில் அவள் படுக்கைக்கு மேலே சாமான் வைக்கும் பலகை தாழ்வாக இருக்குமே, அதை இப்படித்தான் தொட்டுக்கொண்டு உறங்குவாள்.

அன்றிலிருந்து தினமும் அலமாரிதான். கதவைக் கழற்றி வைத்தேன், அழுதாள். திரும்ப மாட்டினேன். வளருகிற பிள்ளை, இப்போதே முழங்கால் முட்டுகிறது.

இதைப் பார்த்த பிறகும் நான் முரண்டு பிடித்தால் நான் தாய் இல்லை. வாருங்கள். ஆனால் பத்து ப்ளை டயர் போட்டுக்கொண்டு வாருங்கள். எங்கேயும் காற்றை இறக்கக் கூடாது, எங்கேயும் கம்ப்ரஸர் ஓடக் கூடாது. மணல் வேண்டாம். அந்த மேடு உங்களுக்கு என்ன என்று எனக்கு இப்போது தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன்.

சுபிஷா


சோஹார்
24 நவம்பர் 2024

அன்புள்ள சுபி,

மெயிலை ப்ளாண்டில் வைத்துப் படித்தேன். படித்துவிட்டு பாத்ரூமில் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். அலமாரியின் மூலைகளில் மெத்தென்று துணி சுற்றி வை, தலையில் இடிக்காமல் இருக்கட்டும். செய்திருப்பாய், நர்ஸுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நேற்று பத்து ப்ளை மாட்டியாயிற்று. கான் பாய் மறுபடியும், "ரேத் யா ரோட்?" என்று கேட்டார். ரோட் என்றேன். "பக்கா?" என்றார். பக்கா என்றேன். பொய் சொல்லவில்லை. ஆனாலும் மணல் எனக்குப் போதும் என்று சொல்லிக்கொள்ள இன்னும் பழகவில்லை.

உனக்குத் தெரிய வேண்டியதை எல்லாம் எழுதிவிடுகிறேன், அப்புறம் வார்டு ரவுண்டில் கேட்பதுபோல் கேட்பாய். நான்கும் ஒரே மாதத்தில் செய்த சரக்கு. ஸ்டெப்னியும் அதே இனம். வால்வு நான்கையும் புது உலோக வால்வாக மாற்றச் சொன்னேன், பழைய ரப்பர் வால்வு இந்தக் காற்றழுத்தத்தைத் தாங்காது. காரவானின் சொந்தச் சக்கரங்களைப் பார்த்தோம். பார்க்க நன்றாக இருந்தன. கான் பாய் நகத்தால் பக்கச்சுவரை அழுத்திக் காட்டினார், உள்ளே பொடிப்பொடியாக வெடிப்பு. ஓடித் தேயவில்லை, நின்றே கெட்டிருக்கின்றன. அவற்றையும் மாற்றினேன். எடைமேடையில் ஏற்றிப் பார்த்தேன், சாமான் எல்லாம் வைத்த பிறகும் டயர் தாங்குகிற அளவுக்கு எவ்வளவோ கீழேதான் நிற்கிறது.

கம்ப்ரஸரை வண்டியிலிருந்து இறக்கிவிட்டேன். அவசரத்துக்குக் காலால் மிதிக்கிற பம்ப் ஒன்று வாங்கியிருக்கிறேன். சத்தம் போடாது. ஒரு டயருக்கு மிதித்து முடிப்பதற்குள் எனக்குத்தான் சத்தம் வரும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். விஜி என்னை மறந்திருப்பாளா?

டெனிஷ்


குதைபியா
8 டிசம்பர் 2024

விஜி அப்பாவுக்கு,

மறந்தாளா என்று எனக்குத் தெரியாது. அவள் மறந்ததையும் மறக்காததையும் என்னிடமும் சொல்வதில்லை. பொய் சொல்லி உங்களைச் சமாதானப்படுத்த மாட்டேன்.

எங்கள் கட்டிடத்துக்குப் பின்னால் காலி மனை இருக்கிறது, வீட்டுக்காரருடையது. இரண்டு மூன்று நாள் காரவானை நிறுத்திக்கொள்ளச் சொல்லிவிட்டார். கெட்டியான தரை, நானே நடந்து பார்த்தேன். சவூதி வழியாகப் போக எல்லோருக்கும் டிரான்சிட் விசா எடுக்க வேண்டும். எனக்கும் எடுக்கிறேன். பத்து நாள் லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன். நானும் சோஹாருக்கு வருகிறேன்.

இது உங்களுக்காக என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வழியில் அவளை ஒரு ஆள் பார்த்துக்கொள்ள வேண்டும். மற்றதைப் பிறகு பேசலாம். பேச முடியும் என்றுதான் நினைக்கிறேன்.

ஒரே மூச்சில் ஓட்டாதீர்கள். உறக்கம் வந்தால் நிறுத்திப் படுங்கள், வீடு பின்னாலேயே வருகிறதே.

சுபிஷா


சோஹார்
28 டிசம்பர் 2024

அன்புள்ள சுபி,

வந்து சேர்ந்துவிட்டேன் என்று அன்றைக்கே ஒரு வரி அனுப்பினேன். அதற்கு மேல் எழுத வரவில்லை. கிறிஸ்துமஸ் அன்று கதவைச் சாத்திக்கொண்டு படுத்துக் கிடந்தேன். இன்று உட்கார்ந்து எழுதுகிறேன், எனக்கே இன்னும் விளங்காத விஷயத்தை.

நான் அந்தக் காலி மனையில் வந்து நின்றதும் அவள் என்னைப் பார்க்கவில்லை. நேராகக் காரவான் கதவுக்குப் போனாள், திறந்தாள், உள்ளே போய்ப் படுத்துக் கையை மேலே நீட்டினாள். நீயும் நானும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தோம். மறுநாள் மத்தியானம் வரை உறங்கினாள். நீ எனக்குச் சோறு போட்டாய், அயிலை மீன் குழம்பு. இரண்டு வருஷத்தில் நான் சோறு தின்றது அன்றுதான்.

புறப்பட்ட காலையில்தான் எல்லாம் போயிற்று. படுக்கையிலிருந்து அவளை எழுப்பிப் பிக்கப்பின் பின் சீட்டில் உட்கார வைத்தோம். திரும்பித் திரும்பிக் காரவானையே பார்த்தாள். நான் எஞ்சினைப் போட்டு ஒரு வண்டி நீளம்தான் நகர்த்தியிருப்பேன். ஒரு அலறல் அவள் தொண்டையிலிருந்து வந்தது. தலையைக் கண்ணாடியில் மோதினாள், பிதியாவில் மோதிய அதே மாதிரி. எஞ்சினை நிறுத்தினேன். நீ இறங்கிக் கதவைத் திறந்தாய். அவள் ஓடிப்போய்க் காரவானுக்குள் புகுந்துகொண்டாள். மத்தியானம் இன்னொரு முறை பார்த்தோம். அதே கதை.

அவளுக்குக் காரவான் வேண்டும். அது நகரக் கூடாது. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை, மூன்று மாதம் டயர் டயர் என்று அலைந்தவனுக்கு இது ஒரு நாளும் தோன்றவில்லை. உருளாத வீட்டுக்கு எதற்கடா டயர் என்று கேட்க ஒரு ஆள் இல்லாமல் போயிற்று.

காரவானைப் பிக்கப்பிலிருந்து கழற்றிவிடுகிறேன் என்றேன். காரவானின் முன்கால் ஜாக்கியை நீயே குனிந்து சுற்றி இறக்கினாய். எலும்பு கூடிய தோள், வலித்திருக்கும். நான் ஷூவை மாட்டிக்கொண்டு ஏறினேன். கொஞ்ச நேரம் கூட நின்றிருந்தால் கிளம்பியிருக்க மாட்டேன், அதனால்தான் அவ்வளவு அவசரம். உன்னிடம் சரியாகச் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை.

வழியெல்லாம் பிக்கப் குதித்தது. பாரத்துக்கென்று வாங்கிய டயர், இழுக்க ஒன்றும் இல்லை. கடல் பாலத்தில் ஒவ்வொரு இணைப்பும் என் முதுகெலும்பில் அடித்தது. பார்டரில் காரவான் எங்கே என்று கேட்டு ஒரு மணி நேரம் உட்கார வைத்தார்கள். பிள்ளை அதில் உறங்குகிறாள் என்று சொன்னேன். அந்த ஆபீசர் என் முகத்தைப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்.

எனக்கு வெப்ராளமாக இருக்கிறது சுபி. அவள் உறங்குவது சந்தோஷம். ஆனால் அவளைக் கூட்டி வரத்தான் நான் வந்தேன், அவள் படுக்கையைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறேன். நீங்கள் இரண்டு பேரும் இங்கே வருவீர்கள் என்று வீட்டைக் கூட்டித் துடைத்து வைத்திருந்தேன். காரவானைத் திருப்பிக் கேட்க மாட்டேன். அது அவளுடையது.

டெனிஷ்


குதைபியா
3 ஜனவரி 2025

அத்தானுக்கு,

சொல்லிக்கொள்ளாமல் போனீர்கள் என்று எனக்குக் கோபம் இல்லை. உங்கள் வண்டி ரோடு திரும்புகிற வரை நான் பின்னால் நடந்து வந்தேன், நீங்கள் கண்ணாடியில் பார்க்கவில்லை.

முதலில் டயர் விஷயம். வெறும் வண்டியாக ஓட்டும்போது அந்த டயரில் இவ்வளவு காற்று வேண்டாமாம். கொஞ்சம் குறைத்து, டிரைவர் பக்கத்துக் கதவுச் சட்டத்தில் எழுதியிருக்கும் அளவுக்கு வைத்தால் குதிக்காது என்று எங்கள் ஆம்புலன்ஸ் டிரைவர் சொன்னார். போய்ச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். முதுகுக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுங்கள்.

சுங்கத்தில் காரவானின் பேப்பரை நீட்டிக்க மனு கொடுத்துவிட்டேன். வீட்டுக்காரரும் இருக்கட்டும் என்கிறார். கட்டிடத்திலிருந்து ஒரு ஒயர் இழுத்து விளக்கு போட்டுக் கொடுத்தார். விஜி கீழே, நான் மேல் படுக்கையில். ஒவ்வொரு நாளும் உறங்குகிறாள். நானும் உறங்குகிறேன். ஆபிதா என்னைப் பார்த்து, "மூஞ்சி தெளிஞ்சிருக்கு, யாரு வந்து போனா?" என்று கேலி செய்கிறாள். நான் சிரித்தேன் போலிருக்கிறது.

நீங்கள் தோற்றுப் போனதுபோல் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. நம் மகளுக்கு உறக்கம் வரவேண்டும் என்று ஆயிரம் கிலோமீட்டர் ஒரு வீட்டை இழுத்து வந்தவர் நீங்கள். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஒரு வருஷம் உங்களை மனசுக்குள் திட்டிக்கொண்டே இருந்தேன். அந்த வருஷத்தை நான் எங்கே போய்த் தீர்ப்பது?

உங்கள் லீவில் மீதி இருக்கும் என்று நினைக்கிறேன். பிளைட்டில் வாருங்கள். காலையில் ஏறினால் மத்தியானச் சோற்றுக்கு வந்துவிடலாம். இழுத்துக்கொண்டு வர ஒன்றும் இல்லை, நீங்கள் வந்தால் போதும். சோஹாரா மனாமாவா என்பதை உட்கார்ந்து பேசுவோம், நேரில், குரலை உயர்த்தியே பேசலாம்.

விஜி மறந்திருப்பாளா என்று கேட்டிருந்தீர்கள். அன்று தெரியாது என்று எழுதினேன். நீங்கள் போன மறுநாள் அவள் காரவானின் முன்பக்கம் போய், பிக்கப் நின்ற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு, ஷூ போடும் அவசரத்தில் நீங்கள் விட்டுப்போன ரப்பர் செருப்பை எடுத்துவந்து, படியில் அவள் செருப்புக்குப் பக்கத்தில் நேராக வைத்தாள். துப்புரவுக்காரர் அதை ஓரமாகத் தள்ளிவிட்டுப் போனார். சென்டரிலிருந்து வந்ததும் பார்த்தாள், எடுத்து அதே இடத்தில் வைத்தாள். தினமும் வந்து பார்க்கிறாள். அதை யாரும் நகர்த்தக் கூடாது.

படியில் ஏறி இறங்கும்போது எனக்குக் கால் இடறத்தான் செய்கிறது. நானும் அதை நகர்த்தவில்லை.

சுபி